சிம்பாவுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? ‘ஓ மை டாக்’ படமும் நாய்த் தடையோட்டமும்

‘ஓ மை டாக்’ 2022 ஏப்ரல் 21 அன்று அமேசான் பிரைமில் வந்தது. சரோவ் சண்முகம் இயக்கம், சூர்யா–ஜோதிகாவின் 2டி தயாரிப்பு. விஜயகுமார், அருண் விஜய், அவருடைய மகன் அர்ணவ் என்று ஒரே வீட்டின் மூன்று தலைமுறை சேர்ந்து நடித்த படம் என்பதுதான் அப்போது பெரிய செய்தி. நாயைப் பற்றிய படம் என்பது அதற்கு அடுத்த செய்தி. நான் படித்த விமர்சனங்கள் ‘குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம்’ என்பதோடு முடிந்துபோயின. பார்க்கலாம்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. நாயை நாயாகவே நடமாடவிட்ட தமிழ்ப் படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, அந்த வகையில் இது வந்ததே நல்லது.

எனக்கு இருக்கும் கேள்வி வேறு. சிம்பாவுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

கதையைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஊட்டியில் அர்ஜுன் என்ற பள்ளிச் சிறுவன். நாய்ப் போட்டிகளில் தொடர்ந்து பரிசு அள்ளும் பெர்னாண்டோ (வினய்), தன்னிடம் பார்வையில்லாமல் பிறந்த ஒரு சைபீரியன் ஹஸ்கி குட்டியைத் தீர்த்துக்கட்டச் சொல்கிறார். குட்டி தப்பி அர்ஜுனிடம் வந்து சேர்கிறது. சிம்பா என்று பெயர் வைத்து வளர்க்கிறான். சிகிச்சையில் பார்வை கிடைக்கிறது. பயிற்சி கொடுக்கிறான். சர்வதேசப் போட்டி வருகிறது. மிச்சத்தை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

‘பயிற்சி கொடுக்கிறான்’ என்று நான் மேலே ஒரு வார்த்தையில் தாண்டிப் போனேன் பாருங்கள், படமும் கிட்டத்தட்ட அப்படித்தான் தாண்டிப் போகிறது. பையனுக்கு நாய் மேல் பாசம், நாய்க்குப் பையன் மேல் நன்றி, இந்த இரண்டும் சேர்ந்தால் தடைகள் தானாகத் தாண்டப்படும் என்பது படத்தின் கணக்கு. தமிழில் நாயைப் பற்றி நமக்கு இரண்டே வாசகங்கள்தான் கைவசம். ஒன்று, ‘நன்றியுள்ள பிராணி’. இன்னொன்று, ‘நாய் வாலை நிமிர்த்த முடியுமா’. ஒன்றில் நாய் கடனைத் திருப்பிக் கட்டும், மற்றதில் நாய் திருந்தவே திருந்தாது. நாய் ஒரு விஷயத்தைக் கற்றுக்கொள்ளும், அதற்கு நாள் பிடிக்கும், நடுவில் குழம்பும், பயப்படும், சொல்லிக்கொடுப்பவரைப் பார்த்து ‘என்னதான் கேக்குற நீ?’ என்று நிற்கும் என்பதற்கு இந்த இரண்டு வாசகத்திலும் இடமில்லை. இத்தனைக்கும் நம் பேச்சில் அதற்கு அருமையான சொல் இருக்கிறது: பழக்குறது. ‘மாட்டை வண்டிக்குப் பழக்கணும்’, ‘நாயைப் பழக்கி வச்சிருக்கான்’. அடக்குவது வேறு, பழக்குவது வேறு என்று நம் ஊர்க்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். சினிமாவுக்குத்தான் அந்தச் சொல் எட்டவில்லை. தேவர் பிலிம்ஸ் காலத்திலிருந்தே இப்படித்தான். ‘நல்ல நேரம்’ (1972) யானைகள் எம்.ஜி.ஆருக்காக என்னவெல்லாமோ செய்யும். அவற்றுக்குப் பின்னால் ஒரு பாகன் வெயிலில் நின்றிருப்பார் என்பது கதைக்குள் வரவே வராது.

சரி, அந்தப் போட்டி என்பது என்ன? படத்தில் நாய்க் கண்காட்சியும் தடை தாண்டும் போட்டியும் ஒரே கூடையில் கொட்டப்பட்டிருக்கின்றன. நிஜத்தில் இரண்டும் வேறு வேறு. வேறாக இருப்பதுதான் இந்தக் கதைக்கு உயிர் கொடுத்திருக்கும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாய்க் கண்காட்சியில் நடுவர் பார்ப்பது நாயின் உடலமைப்பு. இனத்துக்கென்று எழுதிவைத்த அளவுகோல் இருக்கும்: காது இப்படி, முதுகு இப்படி, நடை இப்படி. எந்த நாய் அந்த அளவுகோலுக்குப் பக்கத்தில் வருகிறதோ அதற்குப் பரிசு. அடிப்படையில் அது இனப்பெருக்கத்துக்கு ஏற்ற நாயைத் தேர்ந்தெடுக்கும் சந்தை. அமெரிக்கன் கென்னல் கிளப் விதியில் பார்வையற்ற நாய், காது கேட்காத நாய், விதை நீக்கிய நாய் இவை கண்காட்சி வளையத்தில் இறங்க முடியாது என்றே இருக்கிறது.

தடையோட்டம், அதாவது அஜிலிட்டி, இதற்குள் பொழுதுபோக்காகப் பிறந்தது. 1978 பிப்ரவரியில் லண்டன் ஒலிம்பியா அரங்கில் நடந்த கிரஃப்ட்ஸ் கண்காட்சியில், இரண்டு பெரிய நிகழ்ச்சிகளுக்கு நடுவில் கூட்டத்தை உட்காரவைக்க ஏதாவது வேண்டியிருந்தது. கமிட்டியில் இருந்த ஜான் வார்லி, பீட்டர் மீன்வெல் என்ற நாய்ப் பயிற்சியாளரைப் பிடித்தார். குதிரைகளைத் தடை தாண்ட வைக்கும் போட்டியின் மாதிரியில் நாய்களுக்கு ஒன்றை மீன்வெல் வடிவமைத்தார். இடைவேளைக் காட்சியாக வந்தது அசல் காட்சியைவிடக் கூட்டத்துக்குப் பிடித்துப்போனது. இரண்டே ஆண்டில், 1980-இல், பிரிட்டிஷ் கென்னல் கிளப் அதற்கு விதிமுறை எழுதி அங்கீகரித்தது. 1996 முதல் எஃப்.சி.ஐ. என்ற சர்வதேச நாய்க் கூட்டமைப்பு உலகப் போட்டியே நடத்துகிறது.

இங்கே நடுவர் நாயின் காதைப் பார்ப்பதில்லை. தடைகள் 15-லிருந்து 22 வரை. எந்த வரிசையில் ஓட வேண்டும் என்பது அன்றைக்குத்தான் தெரியும். ஓட்டுபவர் நாயில்லாமல் ஒரு முறை களத்தில் நடந்து மனப்பாடம் செய்துகொள்ளலாம், அவ்வளவே. பிறகு நாயின் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட வேண்டும். நாயைத் தொடக்கூடாது. கையில் தீனி கூடாது, பொம்மை கூடாது. தடியைத் தள்ளிவிட்டால் 5 குற்றப் புள்ளி, தடையின் முன் வந்து மறுத்து நின்றால் 5, மூன்று முறை மறுத்தால் ஆட்டம் முடிந்தது.

பட்டை இல்லாமல், தீனி இல்லாமல், தொடாமல். இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த நாற்பது ஐம்பது வினாடியில் நாயைக் கட்டுப்படுத்த மனிதனிடம் ஒன்றுமே இல்லை. அதற்கு இஷ்டமில்லை என்றால் ஓரமாகப் போய்ப் புல்லை மோந்து பார்த்துவிட்டு, கூட்டத்தில் யார் கையில் பிஸ்கட் இருக்கிறது என்று தேடிப் போய்விடும். போயிருக்கின்றன, யூட்யூப்பில் கிடைக்கும், பார்த்தால் சிரிப்பு வரும். ஒரு சினிமாக்காரருக்கு இதைவிடப் பெரிய பரபரப்பு எங்கே கிடைக்கும்? வில்லன் சதி செய்ய வேண்டிய தேவையே இல்லை. நாய் கூட வருமா வராதா என்பதே போதும்.

பெர்னாண்டோவின் குரூரத்தைப் படம் தனிமனிதக் குரூரமாகக் காட்டுகிறது. கோட்டு போட்ட பணக்கார வில்லன், அதனால் குட்டியைக் கொல்லச் சொல்கிறார். ஆனால் பார்வையில்லாத குட்டி அவருக்கு வேண்டாததாகிப் போவதற்குக் காரணம் அவர் மனசு மட்டும் இல்லை. கண்காட்சி, அளவுகோல், இனத்தூய்மை, குட்டி விலை என்ற மொத்த ஏற்பாடும் அந்தக் குட்டிக்கு மதிப்பு பூஜ்யம் என்கிறது. அந்த ஏற்பாட்டைப் படம் தொடவே இல்லை. மாறாக, அதே மேடையில் அர்ஜுனையும் ஏற்றி, அதே கோப்பையை வாங்க வைத்து, கைதட்டச் சொல்கிறது. ‘வேண்டாம்’ என்று ஒதுக்கிய இடத்துக்கே போய் ‘இப்போ வேணுமா பார்’ என்று நிரூபிப்பது தமிழ் சினிமாவின் பழைய பாட்டுதான். மனிதக் கதாநாயகனுக்கு அது பொருந்தலாம். நாய்க்கு அந்த மேடையால் என்ன ஆகப்போகிறது?

இனி பயிற்சி. இது என் பிழைப்பு இல்லை, பொழுதுபோக்கு. அரியாங்குப்பத்தில், காக்காயன்தோப்புப் பக்கம், உறவுக்காரர் ஒருவரின் தென்னந்தோப்பில் கொஞ்சம் காலி இடம். அங்கே நானும் இரண்டு நண்பர்களும் ஞாயிறு விடியற்காலையில் நாய்களைப் பழக்குகிறோம். என்னுடையது செவலை, நோணாங்குப்பம் பாலத்தடியில் கிடைத்த தெருநாய்க் குட்டி, இப்போது நாலு வயசு. தடைகள் எல்லாம் கைவேலை. தாண்டும் தடிகளுக்கு பிவிசி பைப், டனலுக்கு அடியும் மூடியும் வெட்டியெடுத்த நீல டிரம்கள், வளைந்து ஓடும் வரிசைக்குச் சவுக்குக் கம்பு, சீசாவுக்கு ஒரு பன்னிரண்டு அடி சென்ட்ரிங் பலகை. வெளியூர்க்காரர்கள் பார்த்தால் வீடு கட்டப்போகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

சீசாவை மட்டும் எடுத்துக்கொள்வோம். சர்வதேச விதிப்படி பலகை 3.60-லிருந்து 3.80 மீட்டர் நீளம், 30 செ.மீ. அகலம், நடு அச்சு 60 செ.மீ. உயரம். நாய் ஒரு முனையில் ஏறி, நடுவைத் தாண்டி, மறுமுனை இறங்கித் தரையைத் தொட்ட பிறகுதான் குதிக்க வேண்டும். பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் நாயின் பக்கத்திலிருந்து பாருங்கள்: காலுக்குக் கீழே இருக்கும் தரை திடீரென்று நகர்கிறது, சரிகிறது, ‘டமார்’ என்று சத்தம் போடுகிறது. நிலம் நிலமாக இருக்கும் என்ற அடிப்படை நம்பிக்கையே போய்விடுகிறது. தைரியமான நாய்கள்கூட ஒரு முறை பயந்துவிட்டால் பிறகு பலகையைத் தூரத்தில் பார்த்ததும் சுற்றிக்கொண்டு போய்விடும். அதனால் யாரும் முதலில் சீசாவில் நாயை ஏற்றுவதே இல்லை.

பலகையைத் தரையில் போட்டு நடக்கவிடுவதுதான் ஆரம்பம். வழுக்காமல் இருக்க மணல் கலந்த பெயின்ட். அடுத்தது சத்தம். பலகையின் ஒரு முனையை ஒரு செங்கல் உயரத்துக்கு மட்டும் தூக்கி, நாய் முன்னங்காலால் அதை அழுத்தித் தரையில் மோதவைத்தால் ஒரு துண்டு அவித்த கோழி ஈரல். நாய்க்கு விஷயம் புரிந்த நொடி ஒன்று இருக்கிறது: சத்தம் தனக்கு நேர்வதில்லை, தான் செய்வது என்று. செவலைக்கு அது மூன்றாம் நாள் வந்தது. அதன் பிறகு போதும் போதும் என்று சொல்ல வேண்டியிருந்தது, ‘டமார் டமார்’ என்று தோப்பே அதிர்ந்தது. பயமுறுத்திய சத்தமே ஈரல் வரப்போகிறது என்ற மணி ஆகிவிடுகிறது. பிறகு நடு அச்சின் கீழ் ஒரு செங்கல், அடுத்த வாரம் இரண்டு. ஒருவர் மறுமுனையைப் பிடித்து மெல்ல இறக்க வேண்டும். முழு உயரத்துக்கு எங்களுக்கு ஏழு வாரம் ஆனது. அதுவும் ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷம், அதற்கு மேல் இல்லை.

கடைசிப் படியைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்போம் என்பது இதில் வேடிக்கை. பின்னங்கால் இரண்டும் பலகையில், முன்னங்கால் இரண்டும் தரையில், அப்படியே நிற்பது. அதைத் தரையில் கிடக்கும் பலகையிலேயே நூறு தடவை செய்து பழகிய பிறகுதான் முன்னால் உள்ள படிகள் ஒவ்வொன்றாகச் சேரும். நாய் எப்போதும் தெரியாத இடத்திலிருந்து தெரிந்த இடத்தை நோக்கி ஓடும், அதனால் ஓட ஓடத் தைரியம் கூடும். சாய்வுப் பலகைகளின் அடிப்பகுதியில் வேறு நிறத்தில் பூசியிருப்பார்களே, அதற்கும் இதுதான் காரணம். அந்தப் பகுதியை ஒரு காலாவது தொடாமல் மேலிருந்தே தாவினால் குற்றப் புள்ளி. 1.70 மீட்டர் உச்சியுள்ள ஏ-ஃபிரேமின் மேலிருந்து வேகத்தில் பறந்து குதிக்கும் நாயின் தோள்பட்டை எத்தனை நாள் தாங்கும்? விதி நாயைக் காப்பாற்ற எழுதப்பட்டது. பெரும்பாலும் மஞ்சள் பூசுகிறார்கள். நாய்க்கு மஞ்சளும் நீலமும் நன்றாகப் பிரிந்து தெரியும், சிவப்பும் பச்சையும் குழம்பும்.

கம்பு வரிசையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது. 12 கம்புகள், இடைவெளி 60 செ.மீ., முதல் கம்பு நாயின் இடது தோள் பக்கம் இருக்கும்படி நுழைய வேண்டும். எந்தக் கோணத்திலிருந்து வந்தாலும் அப்படித்தான். நாயின் வாழ்க்கையில் வேறு எங்கேயும் இப்படி வளைந்து வளைந்து ஓட வேண்டிய தேவை வராது, அதனால் அதன் இயல்பில் இதற்கு உதவி ஒன்றுமே கிடையாது. சுத்தமாகக் கற்றுக்கொண்டதுதான். ஒரு நாய் கம்பு வரிசையைச் சரியாக முடித்தால் அதன் பின்னால் சில மாதங்கள் இருக்கின்றன என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

இன்னொன்று, ஓட்டுபவரின் உடம்பு. நாம் வாயால் கட்டளை கொடுப்பதாக நினைக்கிறோம். நாய் நம் தோளையும் காலையும் படிக்கிறது. வாய் ‘டனல்’ என்கிறது, தோள் பக்கத்துத் தடியைக் காட்டுகிறது என்றால் நாய் தடிக்குத்தான் போகும். பார்ப்பவர்கள் நாய் தப்பு செய்ததாகச் சொல்வார்கள். எங்கள் தோப்பில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு: நாய் தவறான பக்கம் போனால் நாய்க்கு ஈரல், ஓட்டுபவருக்குத் தோப்பை ஒரு சுற்று ஓட்டம்.

படத்தில் இதெல்லாம் வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. குழந்தைகள் படத்தில் செங்கல் உயரத்தை யார் அளப்பார்கள்? ஆனால் ஒரே ஒரு தடை, ஒரே ஒரு பயம், அது கரைந்துபோகும் ஒரே ஒரு காலை வேளை. இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தால், சிம்பாவைப் பார்த்துக்கொண்டிருக்கும் பத்து வயசுப் பையனுக்குப் பழக்குவது என்றால் என்ன என்று தெரிந்திருக்கும்.

இதைவிட எனக்கு வருத்தமானது கண் விஷயம். பார்வையில்லாத குட்டியும் ஒரு சிறுவனும் என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏனென்றால் அப்படியொரு குட்டியைப் பழக்குவது நிஜமாகவே வேறொரு உலகம். படிக்கட்டு ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு கால்மிதி போட்டால் அந்தச் சொரசொரப்பே ‘இங்கே படி’ என்று சொல்லிவிடும். நடப்பவர் கால் கொலுசோ சாவிக்கொத்தோ திசை காட்டும். ‘ஏறு’, ‘இறங்கு’, ‘நில்லு’ என்ற மூன்று சொல்லும் ஒருநாளும் மாறாமல் இருந்தால் போதும், நம்பி நடக்கும். மூக்கு இருக்கிறது, அதை வைத்துத் தேடும் விளையாட்டில் கண்ணுள்ள நாயை அது தோற்கடிக்கும். வேகமாகத் தாவும் போட்டி அதற்கு ஆகாது, உடம்புக்கு ஆபத்து. ஆனால் தரையில் போட்ட பலகை, மெல்ல நுழையும் டனல், இவற்றில் அது அடையும் சந்தோஷத்துக்குக் குறைவில்லை.

படம் அந்த வாசலைத் திறந்துவிட்டு உடனே மூடிவிடுகிறது. பார்வை வருகிறது, பிறகுதான் வெற்றி வருகிறது. அர்ஜுன் அந்தக் குட்டியைக் குருடாக இருக்கும்போதே நேசித்தான் என்பது உண்மை, படத்தின் சிறந்த பகுதியும் அதுதான். ஆனால் திரைக்கதை அந்த நேசத்தை நம்பவில்லை. குணமாகி, ஓடி, ஜெயித்தால்தான் பார்வையாளர் கைதட்டுவார் என்று கணக்குப் போடுகிறது. உடல் குறையுள்ள மனிதர்களை வைத்து எடுக்கும் படங்களிலும் இதே கணக்கைத்தான் பார்த்திருக்கிறோம்.

அடுத்து ஹஸ்கி. கதை ஊட்டியில் நடப்பதால் படத்துக்குள் அது ஓரளவு செல்லுபடியாகும். அர்ஜுன் ஸ்வெட்டர் போட்டிருக்கிறான், நாய்க்கும் சௌகரியம். பார்ப்பவர்கள் ஊட்டியில் இல்லையே! 2003-இல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு பக் நாய் சிறுவன் பின்னாலேயே போனது. அதன் பிறகு அந்த இனத்துக்கு நம் ஊரில் பெயரே ‘ஹட்ச் நாய்’ ஆகி, கம்பெனி பெயர் மாறியதும் ‘வோடபோன் நாய்’ ஆனது. வெயில் காலத்தில் மூச்சு முட்டும் சப்பை மூக்கு நாய் தெருவுக்கு ஒன்று வந்தது. 2014-இல் பிளாஸ் ஒன் இதழில் கிர்லாண்டா, அசெர்பி, ஹெர்சாக் மூவரும் எழுதிய ஆய்வு, அமெரிக்கப் பதிவுகளை வைத்துப் பார்த்தபோது, நாய் நடித்த படம் வந்தால் அந்த இனத்தின் பெருக்கம் சில சமயம் பத்து ஆண்டு வரைக்கும் நீள்வதாகக் காட்டியது. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ பார்த்துவிட்டு ஹஸ்கி வாங்கித் தெருவில் விட்டவர்கள் பெருகியதால், அதில் நடித்த பீட்டர் டிங்க்லேஜே 2017-இல் ‘வாங்காதீர்கள், காப்பகத்திலிருந்து எடுங்கள்’ என்று வேண்டுகோள் விட வேண்டி வந்தது.

புதுச்சேரி மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். நாய் வியர்ப்பது பாதத்தடியில் மட்டும், அதுவும் கொஞ்சம். உடம்புச் சூட்டை இறக்க நாக்கைத் தொங்கப்போட்டு இளைப்பதுதான் வழி. அந்த ஈரம் காற்றில் ஆவியானால்தான் சூடு இறங்கும். கடலோரக் காற்றிலோ ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. அதனால் செவலையைக்கூட ஏழு மணிக்கு மேல் நாங்கள் ஓடவிடுவதில்லை. இரட்டை ரோமப் போர்வை போர்த்திய ஹஸ்கி என்ன செய்யும்?

போன வருஷம் ஒரு பையன் எங்கள் தோப்புக்கு ஒரு ஹஸ்கி குட்டியோடு வந்தான். பிளஸ் ஒன் படிக்கிறான். குட்டிக்கு ஐந்து மாதம். வீட்டில் நாற்காலியைக் கவிழ்த்துத் தாண்டவைத்துப் பழக்கிக்கொண்டிருந்தானாம். “அண்ணா, நேத்து வரைக்கும் குதிச்சது, இப்போ குதிக்க மாட்டேங்குது. நீங்க சொன்னா கேக்குமா?” குட்டி முன்னங்காலை லேசாகத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது. நான் அவனைத் திட்டவில்லை, அவனுக்கு அந்தக் குட்டி மேல் இருந்த ஆசை கண்ணில் தெரிந்தது. வளரும் குட்டியின் எலும்பு முனையில் குருத்தெலும்பு இருக்கிறது, அது இறுகி முடிய இனத்தைப் பொறுத்து ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகும், அதனால்தான் சர்வதேசப் போட்டியில் 18 மாதம் நிரம்பாத நாயைச் சேர்ப்பதே இல்லை என்று சொன்னேன். “அப்போ ஒரு வருஷம் என்ன பண்றது?” என்றான். தரையில் போட்ட பலகையைக் காட்டினேன். முதலில் கால்நடை மருத்துவரிடம் காலைக் காட்டிவிட்டு வரச் சொன்னேன். அந்த நாற்காலி யோசனை எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை, கேட்காமலே அவன் சிம்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான். திரையில் காட்டாமல் விட்ட ஏழு வாரத்தை அந்தக் குட்டியின் கால் சுமக்கிறது.

தமிழிலேயே இதைவிடக் கொஞ்சம் நேர்மையாக ஒரு படம் வந்திருக்கிறது: ‘நாய்கள் ஜாக்கிரதை’ (2014, சக்தி சௌந்தர்ராஜன், சிபிராஜ்). படமாகப் பார்த்தால் அது சாதாரண த்ரில்லர். ஆனால் அதில் வரும் சுப்பிரமணி, இதோ என்ற பெல்ஜியன் மேலினா நடித்தது, ராணுவத்தில் பயிற்சி பெற்ற நாய். அதற்கு ஏற்கெனவே நிறையத் தெரியும், நாயகனுக்குத்தான் தெரியாது என்ற நிலைமை கதைக்குள்ளேயே இருக்கிறது. நாய் செய்வதற்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்ட படம். ‘777 சார்லி’ இன்னொரு கோடி, அழவைப்பதில் கெட்டி. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

ராணுவ, போலீஸ் நாய்களின் தடைப் பயிற்சி அஜிலிட்டிக்கு முந்தியது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நம் ஊர் மீது உரிமை கொண்டாடிய பிரெஞ்சுக்காரர்களின் ‘ரிங்’ போட்டியில் நாய் 2.30 மீட்டர் வரை உயரமுள்ள மரச்சுவரில் ஏறிக் குதிக்கும். அது பலத்தையும் கீழ்ப்படிதலையும் பார்ப்பது. அஜிலிட்டி பார்ப்பது வேகத்தையும் இருவருக்கும் இடையிலான புரிதலையும். படத்தின் கதைக்கு இரண்டாவதுதான் தேவைப்பட்டது.

நான் இந்தக் கதையை எடுத்தால் ஹஸ்கி இருக்காது என்று நண்பர்களிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டதுண்டு. “தெருநாயை வச்சு எடுத்தா யாரு பார்ப்பா?” ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை நாய்கள். முயல் ஓடினால் வில்லிலிருந்து புறப்பட்டதுபோல் போகும். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அந்த வேலை போயிற்று, நியாயமாகவே போயிற்று. 2005-இல் அஞ்சல் துறை ராஜபாளையத்துக்குத் தபால்தலை வெளியிட்டது. தலை கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. இப்போது பலதும் பண்ணைவீட்டுச் சங்கிலியில் நிற்கின்றன. அவற்றை வளைந்து ஓடவைப்பது கஷ்டம்தான், நேர்க்கோட்டுக்கென்று பிறந்த உடம்பு, சொன்னதையே பத்துத் தடவை செய்யச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆனால் திறந்த வெளியில் ஓடிக் களைப்பதற்கு அதற்கு ஒரு காரணம் கிடைக்கும். தெருநாயோ சீக்கிரம் கற்கும், ஊர்த் தெருவில் பிழைக்கக் கற்றதுதானே. எஃப்.சி.ஐ. உலகப் போட்டிக்கு வம்சச் சான்று வேண்டும், செவலைக்கு அங்கே இடமில்லை. அமெரிக்கன் கென்னல் கிளப் 2010 முதல் கலப்பு நாய்களையும் அஜிலிட்டியில் சேர்த்துக்கொள்கிறது. நம் நாட்டின் கென்னல் கிளப் தலைமையகம் இதோ சென்னையில்தான். ஊர் நாய்களுக்கென்று ஒரு தடையோட்டப் பிரிவை அவர்கள் நடத்தினால், நான் பிவிசி பைப்பைத் தூக்கிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதல் பஸ் பிடிக்கத் தயார்.

படத்தை மறுபடி பார்க்கிறவர்கள் ஒன்று செய்யுங்கள். பையன் முகத்தை விட்டுவிட்டு நாயின் கண்ணை மட்டும் பின்தொடருங்கள். நாய் நடிக்கும் எந்தப் படத்திலும் அது எதிரே இருப்பவரை விட்டுக் கொஞ்சம் விலகி, கேமராவுக்குப் பக்கத்தில் எங்கோ பார்க்கும் ஷாட்டுகள் அகப்படும். அங்கேதான் அதன் பயிற்சியாளர் நிற்பார், கையில் ஏதோ தீனியோடு.